ஹூட் டு கோஸ்ட் தொடரோட்டம்: வேனுக்கு ஒரு மதிப்புரை

ஹூட் டு கோஸ்ட் ஓடிவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஓட்டத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் வேனைப் பற்றி எழுதப்போகிறேன். காரணம் வெறும் வகுத்தல் கணக்கு. பன்னிரண்டு பேர் கொண்ட அணி 30 மணி நேரத்தில் பந்தயத்தை முடிக்கிறது என்றால், ஒருவர் பங்குக்கு வருகிற ஓட்டம் இரண்டரை மணி நேரம். மீதி இருபத்தேழரை மணி நேரமும் அவர் வேனில் உட்கார்ந்திருக்கிறார், வேனுக்காகக் காத்திருக்கிறார், அல்லது இருட்டில் வேனைத் தேடிக்கொண்டிருக்கிறார். காலணி வாங்க நான்கு கடை ஏறி இறங்குகிற ஆட்கள், வேன் விஷயத்தில் மட்டும் ஏதோ ஒன்று கிடைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

பந்தயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஹூட் மலைச் சரிவில் சுமார் 6,000 அடி உயரத்தில் டிம்பர்லைன் லாட்ஜ் என்று ஒரு பழைய விடுதி இருக்கிறது. 1937-ல் அதிபர் ரூஸ்வெல்ட் வந்து திறந்துவைத்த கட்டடம். அங்கே புறப்பட்டு, ஏறக்குறைய 320 கிலோமீட்டர் கடந்து, சீசைட் என்ற ஊரில் பசிபிக் கடற்கரை மணலில் முடிகிறது இந்தத் தொடரோட்டம். 1982-ல் பாப் ஃபூட் என்பவர் எட்டு அணிகளோடு ஆரம்பித்தார். இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள், இடம் கிடைக்கக் குலுக்கல். ஆகஸ்ட் கடைசியில் வெள்ளிக்கிழமை கிளம்பினால் சனிக்கிழமை கடல். மெதுவாக ஓடும் அணிகளை அதிகாலையிலேயே அனுப்பிவிடுவார்கள், வேகமான அணிகள் பிற்பகலில் கிளம்பும். நாங்கள் எப்போது கிளம்பினோம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பாதையை 36 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒருவருக்கு மூன்று கட்டம். முதல் ஆறு பேர் முதல் வேனில், அடுத்த ஆறு பேர் இரண்டாவது வேனில். ஒரு வேனின் ஆட்கள் வரிசையாக ஓடி முடிக்கும் ஐந்து மணி நேரத்தில் மற்ற வேன் அடுத்த சந்திப்புக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, முடிந்தால் தூங்க வேண்டும். ஓர் அணிக்கு இரண்டு வண்டிகள்தான். படுக்கையும் கழிப்பறையும் வைத்த பெரிய வீட்டு வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. ஆக, வாடகை வேனே கதி.

நான் இருப்பது போர்ட்லாண்ட் நகரை ஒட்டிய ஹில்ஸ்பரோவில். சிப் தொழிற்சாலைகளை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர். எங்கள் அணியில் எட்டுப் பேர் தமிழர்கள், மீதி நான்கு பேர் அலுவலக நண்பர்கள். அணித்தலைவி நான் என்பதால் வாடகை வேலையும் என் தலையில் விழுந்தது. பிப்ரவரியிலேயே இரண்டு பன்னிரண்டு இருக்கை வேன்களுக்குப் பதிவு செய்து, உறுதிக் கடிதத்தை அச்சடித்தும் வைத்திருந்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இந்த வட்டாரத்தில் வேன் எடுக்கிற எவருக்கும் இதே அனுபவம் எந்தக் கடையிலும் நேரலாம்.

வியாழக்கிழமை மாலை போனால், ஒரு வேன் தயாராக இருந்தது. இன்னொன்றுக்குப் பதிலாகப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடுகிற ஏழு இருக்கை மினிவேன் நின்றது. கவுன்டரில் இருந்த இளைஞர் ஒப்பந்தத்தைத் திருப்பிக் காட்டினார்: "அல்லது அதற்கு இணையான வண்டி" என்று ஒரு வரி இருந்தது. பன்னிரண்டுக்கு ஏழு எப்படி இணை என்று கேட்டேன். இரண்டும் வேன்தானே என்றார். அவருடைய மேலாளர் வந்து, வாடகையில் நூறு டாலர் குறைத்துக்கொள்வதாகச் சொல்லி வழக்கை முடித்தார். மறுநாள் காலை மலையில் நிற்க வேண்டிய நான் அங்கே நின்று எத்தனை நேரம்தான் வாதாடுவது?

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் பெரிய வேன் முதல் ஆறு பேருக்குப் போனது. அதில் என் கணவரும் இருந்தார். சிறியது எங்களுக்கு. இப்படி இரண்டையும் ஒரே பந்தயத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வாய்த்தது. வீட்டில் அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

முதலில் பெரிய வேன். உயரக் கூரை, நான்கு வரிசை இருக்கைகள். ஆறு பேர் ஏறினாலும் பின்வரிசைகள் பெரும்பாலும் காலி. ஒருவர் நிமிர்ந்து நின்று உடை மாற்றலாம், இரண்டு பேர் ஒருக்களித்துப் படுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதன் முதல் குறை காலை ஒன்பது மணிக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பந்தயத்தின் முதல் கட்டம் முழுக்க இறக்கம்: சுமார் 9 கிலோமீட்டருக்குள் 600 மீட்டர் கீழே வருகிறீர்கள். ஓடும்போது இறக்கை முளைத்தது போல இருக்கும். தொடைத் தசை அதற்கான கணக்கைப் பிறகுதான் தீர்க்கும். எங்கள் முதல் ஓட்டக்காரர் திருச்சிக்காரர், வாரம் தவறாமல் மலையேறுகிறவர். கட்டத்தை முடித்துவிட்டு வேனில் ஏறப் போனவருக்கு வலது கால் படி உயரத்துக்கு எழும்பவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, வேன் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முழங்காலின் அடியில் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்தார். அடுத்த நாள் மதியம் வரை அவர் ஏறியதெல்லாம் அப்படித்தான். பெரிய வேன் எடுக்கிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு போங்கள். வேறெந்தக் கருவியைவிடவும் அது உதவும்.

இரண்டாவது குறை, பின் வரிசை ஜன்னல்கள் திறக்காது. பார்க்கக் கண்ணாடி, நடைமுறையில் சுவர். ஆறு பேர் ஓடிய வியர்வை, ஈரக் காலுறைகள், யாரோ தொடையில் தேய்த்த தைலம் எல்லாம் சேர்ந்து மாலைக்குள் அந்த வேனுக்கென்று ஒரு வாசம் வந்துவிட்டது. ஈரத் துணிகளைப் போட இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வேண்டும். பை போதாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதினைந்து இருக்கை வேன் கிடைக்கிறது, இன்னும் வசதியாயிற்றே என்று யோசிக்க வேண்டாம். ஆள் நிறைந்த பதினைந்து இருக்கை வேன்கள் உருண்டு கவிழும் ஆபத்து கூடுதல் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2001-ல் இருந்தே சொல்லிவருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறும்போதுதான் அபாயம் கடுமையாகிறது. ஆறு பேர் போகிற நமக்கு அவ்வளவு இல்லை. ஆனாலும் எந்த உயரமான வேனிலும் சாமான்களைக் கூரையில் கட்டாதீர்கள், ஆட்கள் முன்வரிசைகளில் உட்காருங்கள், தூங்கி எழுந்த கையோடு மலைச்சாலையில் வண்டியோட்ட யாரையும் விடாதீர்கள். ஓடாமல் ஓட்டுநராக மட்டும் வர ஒருவர் சம்மதித்தால் அவர் காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி எங்கள் மினிவேன். இதன் பெருமை போர்ட்லாண்ட் நகருக்குள் தெரிந்தது. சாண்டி என்ற ஊரில் பட்டையை வாங்கிக்கொண்டு (இங்கே தடிக்குப் பதில், தட்டினால் மணிக்கட்டில் சுருண்டுகொள்ளும் பட்டை ஒன்றைத்தான் கைமாற்றுகிறார்கள்) எங்கள் ஆறு பேரும் மதிய வெயிலில் ஓடினோம். பழைய ரயில் தடத்தை நடைபாதையாக்கிய ஸ்பிரிங்வாட்டர் பாதை நகரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. தார்ச்சாலை, தட்டையான நிலம், நிழல் குறைவு. அதன் முடிவில் 1910-ல் கட்டிய ஹாத்தோர்ன் பாலத்தடியில் இரு வேன்களும் சந்திக்க வேண்டும். எங்கள் மினிவேன் கிடைத்த சந்தில் நுழைந்து நின்றுவிட்டது. பெரிய வேன் நிறுத்த இடம் தேடி வட்டமடித்துக்கொண்டே இருந்தது. திருச்சிக்காரரை மட்டும் இறக்கிவிட்டிருக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்கு ஆள் இருந்திருக்காது. அவரும் இறங்கியதும் முதுகைக் காட்டித்தான்.

தாழ்ந்த படி, இரு பக்கமும் பொத்தானை அழுத்தினால் தானே நகரும் கதவு, திறக்கிற ஜன்னல். உட்கார்ந்துகொண்டே காலுறை மாற்ற இதைவிட நல்ல வண்டி இல்லை. ஆனால் படுக்க முடியாது. சுத்தமாக முடியாது. ஆறு பேருடைய பைகள், தண்ணீர் கேன், உணவுக்கூடை எல்லாம் ஏறிய பிறகு மூன்றாம் வரிசையில் இருப்பவருடைய முழங்கால் அவர் முகவாயைத் தொடுகிறது. அங்கே யார் உட்காருவது என்பதில் இரண்டு நல்ல நண்பர்கள் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தார்கள்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை, அதுவும் வேன் சம்பந்தப்பட்டதுதான். தயிர்சாதம் எடுத்துப்போகாதீர்கள். ஆகஸ்ட் வெயிலில் நின்ற வண்டியில் மாலைக்குள் புளித்து, மூடியைத் திறக்கும்போது எல்லோரும் ஓட்டக்காரரை விட்டுவிட்டு டப்பாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். புளியோதரை தாங்குகிறது, ஆனால் அடுத்த கட்டத்தில் நெஞ்செரிச்சலாக மேலே வருகிறது. பாஸானது மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அலுமினியத் தாளில் சுற்றிய இட்லி. கையில் ஒட்டாது, ஸ்பூன் வேண்டாம், இரண்டு சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து ஓடினால் வயிறு வாய் திறப்பதில்லை. கைமாறும் இடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தியிருந்த சியாட்டில் அணிக்கு நான்கு கொடுத்தோம். பிற்பாடு அந்த அணியே எங்களை முந்திக்கொண்டு போனது.

இரவுதான் இந்தப் பந்தயத்தின் சாரம். செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் பாதை கடலோர மலைத்தொடருக்குள் திரும்புகிறது. தெருவிளக்கு இல்லை. மிஸ்ட் என்ற சிற்றூர்ப் பக்கம் போகும்போது செல்பேசிக் கோபுரங்களும் கைவிட்டுவிடுகின்றன. ஒளிரும் மேலங்கி, தலைவிளக்கு, முன்னும் பின்னும் மினுங்கும் சிறு விளக்குகள் இல்லாமல் இரவில் ஓடவிடமாட்டார்கள். அது சரியான கண்டிப்பு. என் கட்டத்தில் ஒரு பகுதி சரளைக் கற்சாலை. கடந்து போகும் ஒவ்வொரு வேனும் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. தலைவிளக்கின் வெளிச்சம் அந்தப் புழுதியிலேயே முட்டி நின்றுவிட்டதால், என் கால் எங்கே விழுகிறது என்பதே தெரியவில்லை. விளக்கைத் தலையிலிருந்து கழற்றி இடுப்பு உயரத்தில் கையில் பிடித்த பிறகுதான் தரை தெரிந்தது. வாயில் கட்டியிருந்த பருத்திக் கைக்குட்டை, வண்டிக்கு வந்தபோது காபி வடிகட்டிய துணி நிறத்தில் இருந்தது. அந்நேரத்தில் வானத்தைப் பார்த்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். நான் சாலையைத்தான் பார்த்தேன்.

கட்டம் முடிந்ததும் அடுத்த வேலை, இரண்டாயிரம் வண்டிகளில் நம் வண்டியைக் கண்டுபிடிப்பது. பாதிக்குப் பாதி வெள்ளை வேன்கள். எல்லா அணிகளும் கண்ணாடியில் எதையாவது வரைந்து அலங்கரிக்கின்றன: சுறாமீன், எலும்புக்கூடு, சொந்த அணித்தலைவரின் கேலிச்சித்திரம். வழியில் முந்தியவர்களை எண்ணிக் கண்ணாடியில் கோடு போடும் வழக்கமும் உண்டு. எங்களை முந்தியவர்களைக் கணக்கு வைத்திருந்தால் கண்ணாடி போதியிருக்காது. எங்கள் அணியில் ஒரு பெண் கழுவினால் போகும் சுண்ணப் பேனாவால் இரு வேன்களின் பின் கண்ணாடியிலும் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம் போட்டுவிட்டாள். கூடவே பச்சை சீரியல் விளக்கு ஒரு சரம், உள்பக்கமாக. மற்றவர்களுடைய ஓவியங்கள் இருட்டில் கரைந்துவிட்டன. கோலம் மட்டும் இருபது வண்டி தள்ளியும் தெரிந்தது. வெள்ளைக் கோடும் தொடர்ச்சியும் இருந்தால் விளக்கு வெளிச்சம் அதன் மேல் பட்டதும் கண்ணுக்குப் பிடிபட்டுவிடுகிறது போலும்.

பெரிய வேனின் உண்மையான குறை அதிகாலை மூன்று மணிக்கு வெளிவந்தது. இருபத்துநான்காம் கட்டத்தை முடித்து எங்கள் ஓட்டக்காரர் பட்டையோடு வந்து நிற்கிறார். பட்டையை வாங்க ஆள் இல்லை. செல்பேசி செத்துக் கிடக்கிறது. இந்த இடத்தில் தன்னார்வலர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போர்ட்லாண்ட் வட்டாரத்து அணிகள் தங்கள் சார்பில் தன்னார்வலர்களையும் அனுப்ப வேண்டும் என்பது விதி. எங்கள் சார்பில் வந்தவர்களில் ஒருவர், அணியில் ஒருவருடைய மாமனார், கும்பகோணத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர். குரங்குக் குல்லாயும் ஒளிரும் மேலங்கியுமாக, கையில் விளக்குக் கோலோடு வேன்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவருடைய அதிகாரம் அவர் உடம்பில் இருந்தது. அணி எண்ணெல்லாம் அவருக்குப் படிக்க முடியவில்லை. கோலம் போட்ட பெரிய வண்டி எங்கே நிற்கிறது என்பது மட்டும் நினைவிருந்தது. நேரே போய்க் கண்ணாடியில் உள்ளங்கையால் படபடவென்று தட்டினார். உள்ளே ஆறு பேரும் கால் நீட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு, அயர்ந்து தூங்கியிருக்கிறார்கள். ஒருவர் கையிலும் அலாரம் இல்லை. எங்களிடமிருந்து அழைப்பு வரும் என்று நம்பிப் படுத்திருக்கிறார்கள். திருச்சிக்காரர் ஒரு காலணியை மாட்டி, ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஏழு நிமிடம் போயிற்று. தூக்கத்துக்கு இவ்வளவு வசதி செய்து கொடுக்கிற வண்டியைத் தொடரோட்டத்துக்கு நல்ல வண்டி என்று எப்படிச் சொல்வது? என் கணவருடைய பதில்: அந்தத் தூக்கத்தால்தான் முதல் வேன் கடைசிக் கட்டங்களில் எங்களைவிட வேகமாக ஓடியது. நேரக் குறிப்பேட்டைப் பார்த்தால் அவர் சொல்வது உண்மைதான். அதற்காக நான் ஒத்துக்கொள்ளப்போவதில்லை.

நாங்கள் தூங்கியது புல்வெளியில். அணிகள் படுப்பதற்கென்று வயல்வெளிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். தார்ப்பாய் விரித்து, தூக்கப்பையில் நுழைந்துகொள்ள வேண்டும். ஒரு பாய் போதாது, இரண்டு வேண்டும்: ஒன்று கீழே, ஒன்று பனிக்கு மேலே. கண்மூடியும் காதடைப்பானும் கட்டாயம். வண்டி திரும்பும்போதெல்லாம் முகப்பு விளக்கு ஒருமுறை முகத்தைத் துடைத்துவிட்டுப் போகும், ஒலிபெருக்கியில் அணி எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் இரண்டு மணி நேரம் தூங்கியிருப்பேன். எழுந்தபோது எங்கள் நடுவில் ஓர் அந்நியர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரும் கோலத்தை அடையாளம் வைத்துக்கொண்டு தன் அணியைத் தேடி வந்தவராம்.

சீசைடில் கடைசி ஓட்டக்காரர் மணலில் இறங்கும்போது மற்ற பதினொரு பேரும் சேர்ந்து ஓடி எல்லையைக் கடப்பது வழக்கம். அது அழகான ஏற்பாடு. நாங்கள் பத்துப் பேர்தான் சேர்ந்தோம். ஒருவர் வேன் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். எந்த வேன் என்று சொல்லத் தேவையில்லை.

பந்தயத்துக்கு என் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் நள்ளிரவில் தங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். இதை எந்த மாரத்தானிலும் நான் பார்த்ததில்லை. அரை மதிப்பெண்ணைப் புழுதிக்காகக் குறைத்தேன். வாடகைக் கடைக்கு ஒன்றரை. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, ஏசித் துவாரங்களில் புழுதி என்று சொல்லி பெரிய வேனுக்கு நூற்றைம்பது டாலர் சுத்தம் செய்யும் கட்டணம் போட்டார்கள். வியாழக்கிழமை கொடுத்த நூறு டாலர் தள்ளுபடி சனிக்கிழமையே வட்டியோடு திரும்பிப் போயிற்று. வண்டியை எடுக்கும்போதே உள்ளேயும் வெளியேயும் காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரளைச் சாலையில் ஏசியை வெளிக்காற்று வராத நிலையில் வையுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு கார் கழுவும் நிலையத்தில் உறிஞ்சுகுழாய் போட்டுவிடுங்கள். எல்லாம் சேர்த்துப் பதினைந்து டாலருக்குள் முடிகிற வேலை. கோலம் மட்டும் முதல் கழுவலில் போகவில்லை, வினிகர் போட்டுத் தேய்த்த பிறகுதான் விட்டது.

வண்டி எடுக்கப்போகிறவர்களுக்கு என் தீர்ப்பு: ஒன்று பெரியது, ஒன்று சிறியது. மலை இறக்கமும் முதல் ஓட்டமும் உள்ள முதல் வேன் ஆட்களுக்குத் தாழ்ந்த படியுள்ள மினிவேனைக் கொடுங்கள். அவர்கள் தொடைகளுக்கு அதுதான் நல்லது. இரவில் மலைக்குள் ஓடுகிற இரண்டாவது வேனுக்குப் பெரியதைக் கொடுங்கள், அலாரத்தோடு. குலுக்கலில் எங்கள் பெயர் மறுபடி வந்தால் இப்படித்தான் செய்யப்போகிறோம். இந்த ஏற்பாட்டில் பெரிய வேன் எனக்கும் சிறியது கணவருக்கும் வருகிறது என்பதை அவர் கவனித்துவிட்டார்.